பொருத்தனைப் பிள்ளை

நான் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியை வேறொரு பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப் போகிறார்களாம். புதுச்சேரி நகரத்துக்குள்ளே கத்தோலிக்கக் கன்னியர் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரி அது. யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் நர்சுகளுக்குத்தான் பாவம், சோறு இறங்கவில்லை. அவர்களில் ஜெனிபர் என்ற பெண் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“சிஸ்டர், கடவுள நம்பு, கடவுள நம்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்பித்தான் இருக்கறேன். ஆனா நம்பறதுன்னா என்னா பண்ணணும்? அத மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அடுத்தவர் நாளைய சோற்றுக்கு வழி தெரியாமல் நிற்கும்போது ‘நம்பு’ என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போகிறவர்கள் மேல். என் காலத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, எனக்கு நடந்ததைச் சொன்னேன். ‘இத எழுதி வைங்க சிஸ்டர்’ என்று அவள் நச்சரித்ததால் எழுதுகிறேன். எனக்குப் பிரசங்கம் வராது. பிறக்கிற பிள்ளையின் தலையை ஏந்திப் பிடித்துச் சம்பாதித்தவள் நான், அந்த அளவில்தான் என் பேச்சும் இருக்கும்.

முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி குடும்பம் எங்களுடையது. நான் கைக்குழந்தையாக இருக்கும்போது கக்குவான் இருமல் வந்து, மூச்சு நின்று நின்று வந்ததாம். டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, ‘இவளப் பொழைக்க வையி தாயே, உனக்கே குடுத்துடறேன்’ என்று பொருத்தனை செய்துகொண்டாள். நான் பிழைத்தேன். கத்தோலிக்கக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்பவர்கள் உண்டு, தேருக்கு மாலை சாத்துகிறேன் என்பவர்கள் உண்டு. அம்மா என்னையே கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் மரி தெரேஸ். தெருவில் ‘பொருத்தனைப் புள்ள’ என்றால்தான் தெரியும். நான் வாய்விட்டுச் சிரித்தால், ‘கன்னியாஸ்திரி ஆவப்போற புள்ள இப்படியா பல்லக் காட்டறது’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பூ வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், ‘உனக்கு எதுக்குடி’ என்பார்கள். அதனால் பள்ளிக்கூடம் முடிந்ததும் மடத்துக்குப் போவதில் எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வேறு இடம் ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

மடத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். விடியற்காலையில் எழுந்திருப்பேன், பெருக்குவேன், துவைப்பேன், செபமாலை சொல்வேன். புதிதாகச் சேர்ந்த நவகன்னியருக்குப் பொறுப்பாக ஒரு மதர் இருந்தார். கன்னியராக வாழ்வேன் என்று முதல் வார்த்தைப்பாடு கொடுக்கப் போகும் சமயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தெரேஸ், நீ இங்க எதுக்கு வந்த?”

“அம்மா பொருத்தனை பண்ணியிருக்காங்க மதர்.”

“அது அம்மா. நீ எதுக்கு வந்த?”

“அம்மா பொருத்தனைதான் மதர்” என்று அதையே மறுபடியும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய்விடு, இதில் பாவம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவர்களாக அனுப்பினார்களா, நானாக வந்தேனா என்று எங்கள் தெருவில் பட்டிமன்றமே நடந்தது. எனக்கே அது இன்றுவரை சரியாகத் தெரியாது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். கோயிலுக்குத் தனியாகப் போவாள், தனியாக வருவாள். பூசையில் என்னோடு சேர்ந்து நற்கருணை வாங்கப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்து மில்லை மூடினார்கள். அப்பாவைப் போல எத்தனையோ பேர் வேலையில்லாமல் தெருமுனையில் நின்றார்கள். ஊர் முழுக்க விழுந்த அடி அது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு காரணம் இருந்தது. மில் சங்கு ஊதாத முதல் காலையில் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “குடுத்தத திரும்ப எடுத்துக்கிட்டா இப்படித்தான் ஆவும்” என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தாலும், அப்பா சைக்கிளிலிருந்து விழுந்தாலும், எனக்குப் பார்த்த வரன் ‘மடத்த விட்டு வந்த பொண்ணா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாலும், மேலே ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அவரிடம் செபம் சொல்லத்தான் செய்தேன். அடி எந்தப் பக்கம் இருந்து வரும் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதித்தாக வேண்டும். என்னை வீட்டுக்கு அனுப்பிய மதரே பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். வார்டு பெருக்கச் சேர்ந்தேன். பிறகு பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் படிப்பு, சாயங்காலம் வார்டு, காலெல்லாம் வீக்கம், பரீட்சைக்கு முந்தின நாள் வயிற்றுப்போக்கு. எல்லா நர்சுக்கும் நடப்பதுதான். பாஸ் செய்து தற்காலிக நர்சாகத் திரும்பி வந்தேன். ‘தற்காலிகம்’ என்ற அந்த வார்த்தை ஒவ்வொரு மாதமும் என் நெஞ்சில் ஏறி மிதிக்கும்.

ஆஸ்பத்திரிக்குத் தலைமை மதர் லெயோனி. காரைக்காலில் பிறந்தவர், நர்சு படித்த கன்னியர். பழைய காலத்துப் பிரசவக்காரிகள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி, சகோதரி என்ற அர்த்தத்தில், ‘மாசேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டையான ஆள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்துக்கொண்டேதான் எந்த அறைக்குள்ளும் வருவார். குரல் உயராது. தப்புச் செய்த நர்சிடம், ‘இன்னொரு தடவ செஞ்சு காமிம்மா’ என்பார். அது திட்டைவிட மோசம். உடம்பெல்லாம் கூசும்.

அவரிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. என் வேலை நிரந்தரம் ஆகுமா என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தபடி, “இப்ப லேபர் ரூம்ல யாரு இருக்கா?” என்றார். “லூர்து அக்கா மட்டும்தான் மதர்” என்று என்னோடு டூட்டியில் இருந்த நர்சைச் சொன்னேன். “அப்ப நீ இங்க எதுக்கு நிக்கற?” என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரசவ அறைக் கதவை டமால் என்று சாத்தினேன். மதர் திரும்பி வந்து, இன்னொரு தடவை சத்தமில்லாமல் சாத்திக் காட்டச் சொன்னார்.

எங்கள் பிரசவ அறையில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைத் துடைக்கும் மேசைக்குப் பக்கத்துத் தட்டில், மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டம்ளரில் சுத்தமான தண்ணீர் வைத்திருப்போம். காலையில் வேலைக்கு வருகிற இளைய நர்சு பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். அது அவசர ஞானஸ்நானத்துக்கு. கத்தோலிக்கர் வீட்டுப் பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்தால், குருவானவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். கேட்காதவர் பிள்ளைக்கு ஊற்றக் கூடாது என்பது மதர் உத்தரவு. வேறு மதத்துப் பிள்ளைகள் அந்த அறையில் நிறையப் பிறந்தன, அவர்களுக்காக டம்ளரை யாரும் தொட்டதில்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நர்சு, மூச்சு எடுக்காத பிள்ளைக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். பக்தியான அம்மா. பதறிப் போய் மந்திரம் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். திரும்பிப் பையை எடுப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. எப்படியும் போயிருக்கும் பிள்ளைதான் என்றார் டாக்டர். மதர் லெயோனி அந்த நர்சை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை எங்கள் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்து, “ஊத்தற கை வேற, காத்து குடுக்கற கை வேற. ரெண்டும் ஒரே ஆளோட கையா இருக்கக் கூடாது” என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு அதுதான் சட்டம்.

ஆடி மாதம், வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர் ஓடும் வெள்ளிக்கிழமை அது. எங்கள் நர்சுகளில் பாதிப் பேர் விடுப்பில் போய்விட்டார்கள். டாக்டரம்மாவின் வீடு அரியாங்குப்பம் தாண்டி இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார் என்று போனில் சொன்னார்கள். தேர்க் கூட்டத்தில் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருப்பார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த முற்பகலில் பிரசவ அறையில் லூர்து அக்காவும் நானும் மட்டும்தான். வேறு டாக்டரை வரவழைக்க மதர் லெயோனி ஆபீசில் போனோடு போராடிக்கொண்டிருந்தார்.

பிரசவக் கட்டிலில் இருந்தவள் ரோசாலி. அவள் புருஷன் அந்துவான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வெல்டர். இது அவர்களுக்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை முந்தின வருடம் வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாக, பெயரில்லாமல் புதைத்தார்கள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மோட்சம் போகாது என்று யாரோ ஒரு புண்ணியவதி எழவு வீட்டிலேயே சொல்லிவிட்டுப் போனாளாம். அன்றிலிருந்து அந்துவான் பூசைக்குப் போனாலும் கோயிலுக்குள் வருவதில்லை, வாசலிலேயே நின்றுவிடுவான். இதெல்லாம் ரோசாலி வலிக்கும் வலிக்கும் நடுவில் என்னிடம் சொன்னது.

பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பெண் பிள்ளை. உடம்பு துவண்டு, உதடு நீலமாகி, ஈரத் துணி மாதிரி என் கையில் கிடந்தாள். லூர்து அக்கா ரோசாலியின் பக்கம் போக வேண்டியதாயிற்று, ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. “புள்ளய நீ பாத்துக்க, நான் இங்கிருந்து நவுர முடியாது” என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்பது கைக்குத் தெரியும். விளக்கின் சூட்டுக்கு அடியில் கிடத்தினேன். துடைத்தேன், ஈரத்துணியை எறிந்துவிட்டு உலர்ந்த துணியில் சுற்றினேன். வாயையும் மூக்கையும் உறிஞ்சிச் சுத்தம் செய்தேன். முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. காற்றுப் பையின் முகமூடியை அவள் வாய்க்கும் மூக்குக்கும் மேல் வைத்தேன். இடதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்ற விரல்கள் தாடையைத் தாங்கித் தூக்க வேண்டும். காற்று ஓரத்தில் கசிந்தால் எல்லாம் வீண். வலதுகையால் பையை அமுக்க வேண்டும், அதுவும் விரல் நுனியால். முழுக் கையால் பூரி மாவைப் பிசைகிற மாதிரி அமுக்கினால் அந்தப் பிஞ்சு நுரையீரல் கிழிந்துவிடும். கண் நெஞ்சின் மேலேயே இருக்க வேண்டும். நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா, அது ஒன்றுதான் பார்க்க வேண்டியது. ஏறியது, இறங்கியது. ஆனால் நான் அமுக்கினால்தான் ஏறியது.

பிரசவ அறையில் சத்தம் இல்லாவிட்டால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்துவானுக்கு அந்த மௌனம் ஏற்கெனவே பழக்கம். திரையை விலக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றுவிட்டான். கையில் ஒரு சின்ன பாட்டில், கோயிலில் இருந்து கொண்டுவந்த தீர்த்தம்.

“சிஸ்டர், தண்ணி ஊத்துங்க.”

நான் திரும்பவில்லை.

“சிஸ்டர், உங்க கால்ல விழறேன். இதுவும் அப்படியே போயிடக் கூடாது. ஊத்திடுங்க சிஸ்டர்.”

டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பையை வைத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஊற்றி, சொல்லி முடிக்க எத்தனை நேரம் ஆகிவிடும்? அந்த மூத்த நர்சு ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊற்றிவிட்டால் நம் பாரம் இறங்கிவிடும். பிள்ளை போனாலும் மோட்சத்துக்குப் போயிற்று, நாம் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று ஆகிவிடும். யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

அதைவிட ஒரு பெரிய பயம் எனக்கு இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். ‘இதோ வந்துவிட்டது’ என்றுதான் நினைத்தேன். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்த அடி. மடத்தை விட்டு வந்தவளுக்கு மில் போதாது, வரன் போதாது, இந்தப் பிள்ளையை என் கையிலேயே சாகவைத்து என்னைத் தண்டிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் பாவத்துக்கு அடுத்தவன் பிள்ளையா? பிடி தளர்ந்தது, முகமூடியின் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்தது. நெஞ்சு ஏறவில்லை.

அப்போது எனக்கு வந்த கோபம் மாதிரி என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கோபம் கடவுள் மேல். மனசுக்குள் அவரிடம் சொன்னேன், ‘என்மேல கோவம்னா அத அப்பறம் பேசிக்கலாம். இந்தக் கை உனக்குப் புடிக்கலன்னா நாளைக்கு எடுத்துக்க. இப்ப இது இங்கயேதான் இருக்கும். மிச்சத்த நீ பாத்துக்க.’ இதுதான் என் செபம். இதை செபம் என்று சொல்லலாமா என்றுகூட எனக்குத் தெரியாது. சொன்னதும் பிடி இறுகியது. முகமூடியைச் சரியாக அழுத்தினேன், நெஞ்சு மறுபடி ஏறியது.

“உள்ள வா” என்றேன் அந்துவானிடம். “செருப்பக் கழட்டிட்டு வா. நான் கைய எடுக்க முடியாது. பெத்தவனும் குடுக்கலாம். நீயே ஊத்து.”

பிரசவ அறைக்குள் ஆண்களை விடுவது அந்தக் காலத்தில் பெரிய குற்றம். லூர்து அக்கா ரோசாலியை மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முறைத்தார். அந்துவான் என் பக்கத்தில் வந்து நின்றான். பாட்டில் மூடியைத் திருகினான். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

“என்னா நிக்கற? பேரச் சொல்லி ஊத்து.”

“பேரு பாக்கல சிஸ்டர்” என்றான். குரல் உடைந்துவிட்டது. “பயந்துக்கிட்டு பேரே பாக்கல. ஒரு துணிகூட வாங்கல. பேரு வச்சா இதுவும் போயிடும்னு…”

அவன் விம்மி விம்மி அழுதான். நான் பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரம் மதர் லெயோனி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அறைக்குள் ஓர் ஆண் நிற்பதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு நேராக வந்து, பிள்ளையின் நெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்புள்கொடியின் அடியில் இரண்டு விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கவனித்தார்.

“நாடி நல்லா அடிக்குது. நிறுத்தாத” என்றார் என்னிடம்.

பிறகு அந்துவான் கையிலிருந்த பாட்டிலை மெதுவாக வாங்கிக்கொண்டார். “தம்பி, சாவற புள்ளைக்குத்தான் இங்க ஊத்துவோம். உம் புள்ள சாவல. கோயில்ல வெள்ளை கவுன் போட்டு, சொந்தக்காரங்களக் கூப்ட்டு, மணி அடிச்சு ஊத்துவாங்க. பேரு பாக்க உனக்கு நெறைய நேரம் இருக்கு.”

அவன் அவரை நம்பாமல் பார்த்தான். எனக்குமே சந்தேகம்தான். பிள்ளை இன்னும் தானாக மூச்சு விடவில்லை. ஆனால் உதட்டில் இருந்த நீலம் போய்க்கொண்டிருந்தது, அதை நானும் கவனித்தேன். இன்னும் கொஞ்சம் அமுக்கினேன், இன்னும் கொஞ்சம். திடீரென்று விக்கல் மாதிரி ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு விக்கல். கால் ஒன்றை மடக்கினாள். முகத்தைச் சுளித்தாள். முகமூடியை மதர் லெயோனி சற்றே தூக்கச் சொன்னார். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அப்புறம் வீரிட்டாள்.

மறுபக்கத்தில் ரோசாலி தலையைத் தூக்கப் பார்த்தாள். “லூர்தக்கா, அது யாரு புள்ள அழுவுது?” என்று கேட்டாள்.

லூர்து அக்கா ரத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். மதர் லெயோனிதான் சொன்னார், “உன் புள்ளதாம்மா.”

ரோசாலிக்கு ரத்தம் நின்றுவிட்டது. டாக்டரம்மா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது பிள்ளை அம்மாவின் மார்பில் கிடந்தாள். அவர் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். மதர் லெயோனி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அப்போது கேட்டுவிட்டேன்.

“மதர், நான் மடத்த விட்டு வந்தது கடவுளுக்குக் கோவமா இருக்கும்ல?”

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “அப்படி நான் நெனச்சிருந்தா உன்ன அந்த மேசைகிட்ட நிக்க வச்சிருப்பேனா?” என்றார். பிறகு, “நோணாங்குப்பத்துலேருந்து ஒரு கேஸ் வந்திருக்கு, கையக் கழுவிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கழுவிக்கொண்டு போனேன். அப்பாடா என்று இருந்தது. பல வருஷமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சை அன்றுதான் விட்டேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டதா என்றால் இல்லை. வேலை நிரந்தரமாக இன்னும் காலம் ஆனது. அப்பாவுக்குப் பழைய மாதிரி ஒரு வேலை கிடைக்கவே இல்லை, ஒரு கடையில் கணக்குப் பார்த்தார். எனக்குக் கல்யாணம் தள்ளித்தான் நடந்தது, மாப்பிள்ளை நல்ல மனுஷர், மடத்துக் கதையைக் கேட்டுவிட்டு ‘அதனால என்னா’ என்று சொன்ன முதல் ஆள். இடையில் எத்தனையோ நாள் நாளைக்கு என்ன என்று தெரியாமல் படுத்திருக்கிறேன். ஆனால் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. யாரோ மேலே நின்று அடிக்கக் காத்திருக்கிறார் என்ற பயம் போய்விட்டது. என் கையில் இருக்கும் வேலையை நான் பார்ப்பேன், என் கைக்கு எட்டாததை அவர் பார்ப்பார் என்று விட்டுவிடப் பழகினேன். ஜெனிபரிடம் இவ்வளவுதான் சொன்னேன். நாளைக்குக் காலை உனக்கு டூட்டி இருக்கிறது இல்லையா, அங்கே போய் நில் என்றேன்.

அவள் அதோடு எழுந்து போயிருக்கலாம். “உங்கம்மா என்னா சொன்னாங்க சிஸ்டர்?” என்று கேட்டாள்.

அம்மாவுக்கு வருகிறேன். அந்துவான் பெயர் பார்க்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். வாரத்துக்கு ஒரு பெயரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து எங்களிடம் அபிப்பிராயம் கேட்பான். லூர்து அக்கா கடுப்பாகி, “சீக்கிரம் ஒண்ண வையேன்யா” என்றதற்கு, “அதான் நெறைய நேரம் இருக்குன்னு மதரே சொல்லிட்டாங்களே சிஸ்டர்” என்று சிரித்தான். கடைசியில் பிலோமின் என்று வைத்தார்கள். என்னை ஞானத்தாயாக நிற்கச் சொன்னார்கள். மடத்தை விட்டு வந்தவள் பீடத்துக்கு முன்னால் நிற்பதை நாலு பேர் பேசுவார்களே என்று தயங்கினேன். ரோசாலி கேட்கவில்லை. வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசினாள், நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள்.

ஞானஸ்நானத்தன்று காலையில் பார்த்தால் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். இரண்டு பேரும் ஒரே ரிக்‌ஷாவில் கோயிலுக்குப் போனோம். அந்துவான் அன்றைக்கு வாசலில் நிற்கவில்லை, முதல் ஆளாக உள்ளே இருந்தான். நான் பிலோமினை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் ஏந்திப் பிடித்தேன். குருவானவர் தண்ணீர் ஊற்றியதும், அவள் கோயில் அதிரக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“தெரேசு, நான் அன்னிக்கு மாதாகிட்ட கேட்டது உன் உசுரத்தான். குடுத்துட்டாங்க. உன்னக் குடுன்னு அவங்க கேக்கவே இல்லடி. பயத்துல நானா சேத்துக்கிட்டது அது.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் பட்டது எல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது. நான் ரிக்‌ஷாக்காரர் இருப்பதையும் பார்க்காமல் கத்தினேன்.

“இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாம்மா?”

“அன்னிக்கு எனக்கே தெரியாதேடி” என்றாள் அம்மா. “இப்ப அந்தப் புள்ள கத்துச்சே, அப்பதான் தெரிஞ்சுது.”

அவள் அழுதாள், நானும் அழுதேன். ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, எழவு வீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்டார். இல்லை, வீட்டுக்குத்தான் என்றாள் அம்மா.